முதலில் மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி இதுதான்: சென்னை ஆதம்பாக்கத்தில் 2 கிரவுண்டில் (4,800 சதுர அடி மனை) 8 வீடுகள், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், 2003-ல் கட்டியது. சங்கக் கணக்கில் 3 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. மே மாதம் லாரித் தண்ணீர், நவம்பரில் கேட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீர். பசுமைக் குடியிருப்பாக மாற்றித் தருகிறோம் என்று வந்தவர்கள் சுவரில் செங்குத்துத் தோட்டம், மாடியில் சோலார், குப்பையை உரமாக்கும் எந்திரம் என மூன்றுக்கும் சேர்த்து ஒரு மதிப்பீடு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதை விடுவது?

மூன்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள் என்றுதான் சொல்வேன். சோலார் பின்னால் வரட்டும், அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஆனால் புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், உங்கள் காம்பவுண்டுக்குள் இருபது வருடமாகக் கிடப்பவை வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். மழைநீர்க் குழாய், கிணறு, மொட்டை மாடி, மரம் இருந்தால் அதன் சருகு, இவ்வளவுதான். நான் பழைய அடுக்குமாடிகளில் ஒழுகல், விரிசல், கம்பித் துரு என்று பழுது பார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். குடியிருப்பதும் உங்களுக்குப் பக்கத்தில், நங்கநல்லூரில், ஏறக்குறைய உங்களுடையதைப் போன்ற ஒரு கட்டடத்தில்தான். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

தண்ணீரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் மே மாதக் கஷ்டமும் நவம்பர் கஷ்டமும் ஒரே கஷ்டம்தான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 2 கிரவுண்டில் உங்கள் மொட்டை மாடி சுமார் 2,400 சதுர அடி இருக்கும், அதாவது 223 சதுர மீட்டர். சென்னையின் சராசரி வருட மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர் வருகிறது. ஆவியாவது, தெறித்துப் போவது, முதல் மழையில் அழுக்காக வெளியே விடுவது எல்லாம் கழித்து 80 சதவீதம் கையில் கிடைத்தால்கூட இரண்டரை லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் இருபது லாரி. நீங்கள் ஒரு வருடத்தில் எத்தனை லாரி வாங்குகிறீர்கள் என்று சங்கத்தின் ரசீதுக் கட்டைப் புரட்டிப் பாருங்கள்.

உடனே இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது ஆசை வார்த்தை ஆகிவிடும். 8 வீட்டில் 32 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவை வைத்துக்கொண்டால் தினமும் 4,300 லிட்டர் வேண்டும். ஆக, மாடியில் விழும் மழை முழுவதையும் பிடித்தாலும் இரண்டு மாதத் தேவைக்குத்தான் சரியாக இருக்கும். வருடம் முழுக்க மழைநீரிலேயே வாழலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதம் உங்களுக்கு எது தெரியுமா? மே, ஜூன்.

2003-ல் கட்டிய கட்டடம் என்கிறீர்கள். அந்த வருடத்தில்தான் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது, பழைய வீடுகளுக்கும் சேர்த்து. அதற்கு முன்பே பெசன்ட் நகரில் சேகர் ராகவன் தொண்ணூறுகளில் வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார், மந்தைவெளியில் 2002-ல் மழைநீர் சேகரிப்பை விளக்கிக் காட்டும் ரெயின் சென்டர் தொடங்கியது, அவர்களைப் போன்றவர்களின் உழைப்பு பின்னால் இருந்தது. அடுத்த சில வருடங்களில் பல இடங்களில் கிணற்று மட்டம் ஏறியது, 2005-ல் பெய்த பெருமழையும் அதற்குக் கை கொடுத்தது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து அவசர அவசரமாகப் போட்டவை எத்தனையோ. எங்கள் கட்டடத்தில் 2019 கோடையில், ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்துகொண்டிருந்த அந்த ஜூலையில், மழைநீர்த் தொட்டியின் சிமெண்ட் மூடியை நெம்பித் திறந்தோம். உள்ளே மூன்றடி ஆழத்துக்குக் குழி, அதில் முக்கால்வாசி வண்டலும் செங்கல் துண்டும். மாடியில் இருந்து வரும் குழாய் அந்தக் குழிக்குள் வரவே இல்லை, சுவரோடு வளைந்து தெருவாய்க்காலுக்குப் போய்விட்டது. பதினாறு மழைக்காலம், ஒரு சொட்டுகூட மண்ணுக்குள் இறங்கவில்லை. அன்றைக்கு அந்த வேலையைச் செய்த ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பதினாறு வருடம் நாங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லையே.

அதனால் உங்கள் முதல் வேலை, காசில்லாத வேலை, அந்த மூடியைத் திறப்பது. பிறகு ஒருவர் மாடியில் நின்று ஒவ்வொரு மழைக்குழாயிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இன்னொருவர் கீழே நின்று அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மண். சென்னையில் எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதி மணல், ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிடும். அண்ணா நகர், கீழ்ப்பாக்கம் பக்கம் களிமண் அதிகம். கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. பெசன்ட் நகரில் நன்றாக வேலை செய்த அமைப்பை அப்படியே கொண்டுவந்து உங்கள் இடத்தில் வைத்தால் அது மழையில் நிரம்பி நிற்குமே தவிர இறங்காது. உங்கள் பகுதிக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டும், முடிந்த அளவு நேரடியாகத் தரைக்கடியில் இருக்கும் தொட்டியில், அதாவது சம்பில் சேமிப்பு, மிஞ்சுவது கிணற்றுக்கு.

கிணறு என்றதும் ஒன்று கேட்கிறேன், உங்கள் மனையில் பழைய திறந்த கிணறு இருந்ததா? அடுக்குமாடி கட்டும்போது பலர் அதன்மேல் சிலாப் போட்டு மூடி, அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். இருந்தால் அதைவிடச் சிறந்த மழைநீர்த் தொட்டி வேறு கிடையாது. தூர் வாரி, ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக மாடித் தண்ணீரை அதில் விடுங்கள். வடிகட்டி பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, இரண்டடி சதுரத் தொட்டியில் கீழே பெரிய ஜல்லி, அதன்மேல் கூழாங்கல், மேலே ஆற்று மணல். கிணறு இல்லையென்றால் மூன்றடி அகலத்தில் சிமெண்ட் வளையங்களை அடுக்கிய உறைகிணறு ஒன்று இறக்குங்கள், சிதைந்த பாறை தட்டும் வரை, அனேகமாகப் பதினைந்து அடிக்குள் தட்டிவிடும். எங்களுக்கு உறையும் தோண்டும் கூலியும் சேர்த்து நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது, இப்போது கூடியிருக்கும்.

போர்வெல் வாயில் நேராகக் குழாயைச் செருகிவிடுகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மாடியில் இருக்கும் தூசி, பறவை எச்சம், சருகுத்தூள் எல்லாம் அந்த ஆறங்குலக் குழாய்க்குள் போய் நீர் ஊறும் இடுக்குகளை அடைத்துவிடும், அடைத்த போரைத் திரும்ப உயிர்ப்பிப்பது லேசில் முடியாது. கிணற்றில் வண்டல் சேர்ந்தால் ஆள் இறங்கி வாரலாம், போரில் யார் இறங்குவது? (கிணற்றில் ஆள் இறக்குவதற்கு முன் ஒரு நாள் முழுக்கத் திறந்து காற்றாட விடுங்கள், கயிறும் மேலே இரண்டு பேரும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். மூடிக்கிடந்த கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும், உயிர் போய்விடும்.)

நவம்பர் பிரச்சினைக்கு வருகிறேன். சென்னையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது அபூர்வம் இல்லை. அப்படி ஒரு நாளில் உங்கள் மாடியில் மட்டும் 22,000 லிட்டர் விழும். பதினைந்து அடி ஆழ உறைகிணறு கொள்வது வெறும் 3,000 லிட்டர். அதனால் ஒரு குழியை வெட்டிவிட்டு வெள்ளம் வராது என்று நினைக்க முடியாது. மாடித் தண்ணீரில் பாதி சம்புக்கு, சம்பு நிறைந்தால் கிணற்றுக்கு, கிணறு நிறைந்தால் தோட்ட மண்ணுக்கு, அதற்கும் மேல்தான் தெருவுக்கு என்று வரிசையாகப் போக வேண்டும். மாடி போக மீதி 2,400 சதுர அடியில் என்ன இருக்கிறது? டைல்ஸ், இல்லையா? நான் பார்க்கும் கட்டடங்களில் பத்தில் எட்டில் காம்பவுண்டுச் சுவர் வரை டைல்ஸ் போட்டு, வேப்ப மரத்தின் அடிவரைக்கும் சிமெண்ட் பூசி வைத்திருக்கிறார்கள். பெருக்குவதற்குச் சுலபம் என்பது காரணம். கார் போகும் இரண்டு பட்டையை விட்டுவிட்டு மற்ற இடத்தில் டைல்ஸைப் பெயர்த்து மண்ணாக விடுங்கள். கேட்டுக்குக் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மேலே இரும்புக் கிராதி போட்டு, அதில் விழும் தண்ணீரைத் தனியாக ஒரு உறைகிணற்றுக்கு விட்டால் தெருவுக்குப் போகும் தண்ணீர் பெருமளவு நிற்கும். கார் எண்ணெய் கலக்கும் தண்ணீர் அது, சம்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் விடவேண்டாம்.

உங்கள் கேட்டை விட்டுப் போகும் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆதம்பாக்கம் ஏரியில் இருந்து வீராங்கல் ஓடை வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீருக்கெல்லாம் அதுதான் வடிகால், 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சதுப்பு நிலத்தில்தான் பெருங்குடிக் குப்பைமேடும் இருக்கிறது. உங்கள் மழையும் உங்கள் குப்பையும் ஒரே இடத்துக்குப் போய், ஒன்று இன்னொன்றுக்கு இடமில்லாமல் செய்கிறது. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். நமக்குக் கீழே இருப்பவர்களுக்கு நாம் அனுப்பும் தண்ணீர் அது என்பது எனக்கு அப்போதெல்லாம் உறுத்தும்.

இவ்வளவும் செய்தால் தண்ணீரின் தரம் மாறுவது தெரியும், ஆனால் முதல் வருடமே தெரியாது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. இரண்டு மழைக்காலம் போன பிறகு தரைத்தளத்து மாமி ஒருவர், கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வெந்துவிட்டது என்று வந்து சொன்னார். ஆய்வக அறிக்கையைவிட அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் எங்கள் சங்கக் கூட்டத்தில் மரியாதை கிடைத்தது, அடுத்த உறைகிணற்றுக்கு எல்லோரும் மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தார்கள்.

தண்ணீர்ச் செலவைக் குறைப்பதும் தண்ணீரைச் சேமிப்பதும் சேர்ந்து நடக்க வேண்டும். குழாய் வாயில் திருகும் சிறிய நுரைப்பான், ஏரேட்டர் என்று கேட்டால் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொட்டும் குழாய் நான்கு, ஐந்து லிட்டரில் அதே வேலையைச் செய்யும். ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது, அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டால் வீடு துடைக்க ஆகும். மெட்ரோ தண்ணீரில் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ.வே தேவையில்லை, சாதாரண வடிகட்டியும் கொதிக்க வைப்பதும் போதும். தண்ணீரை மிச்சம் பிடிப்பது மின்சாரத்தையும் மிச்சம் பிடிப்பதுதான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி நமக்கு அனுப்புகிறார்களே, அதில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது.

குளித்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்துகாந்த் ரகடே என்ற வேதியியல் அறிஞர் சென்னை அடுக்குமாடிகளில் பல வருடங்களுக்கு முன்பே கல்வாழைப் படுகை வைத்துக் குளியல் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம் என்று காட்டினார். ஜல்லியும் மணலும் போட்ட ஒரு படுகை, அதில் நெருக்கமாகக் கல்வாழை, சோப்புத் தண்ணீர் வேரில் தங்கித் தங்கிப் போய் மண்ணில் இறங்கும். உங்கள் கட்டடத்தில் குளியலறைக் குழாயும் கக்கூஸ் குழாயும் வெளிச்சுவரில் தனித்தனியாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். அந்தக் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், இருந்தால் வேலை பாதி முடிந்தமாதிரி. முதலில் ஒரு குழாயை மட்டும் திருப்பி, ஆறு மாதம் பாருங்கள். சமையலறைத் தண்ணீரை இதில் விடாதீர்கள், எண்ணெய் படுகையை அடைத்துவிடும். தண்ணீர் மேலே தேங்கி நிற்கவும் கூடாது, ஜல்லிக்குக் கீழேயே ஓட வேண்டும், இல்லையென்றால் நாற்றமும் கொசுவும் வந்து பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், அவர் வருவது நியாயமும்கூட. சம்பு, கிணறு, வடிகட்டி எல்லாவற்றுக்கும் கொசுவலை கட்டாயம்.

தண்ணீருக்கு அடுத்தது மாடியின் வெயில். இரண்டாவது மாடியில் இருப்பவர்கள் ஏப்ரலில் இரவு பதினோரு மணிக்கும் கூரை அனல் வீசுகிறது என்பார்களே, அதற்கு ஏசி வாங்குவதற்கு முன்னால் மாடிக்கு வெள்ளை அடியுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் பார்த்திருப்பீர்கள், தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு எனும் சுட்ட மண் ஓட்டைப் பதித்தது. அந்தக் கனமான சுண்ணாம்புப் படலம் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விட்டது. இப்போது நாம் போடும் ஐந்தங்குல கான்கிரீட் சிலாப் பகலெல்லாம் சூட்டை வாங்கி ராத்திரியில் நம் தலைமேல் விடுகிறது. உங்கள் மாடியில் தட்டோடு இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அதன் இடுக்குகளைப் பார்த்து, புல் முளைத்த இடம், வெடித்த இடம் எல்லாம் அடைத்து, ஒழுகல் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு நீர்த்த சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு கோட் அடிக்கலாம். மலிவு, ஆனால் ஒரு மழைக்காலத்தில் தேய்ந்துவிடும், வருடா வருடம் பிப்ரவரியில் அடிக்க வேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் விலை கூட, மூன்று நான்கு வருடம் நிற்கும். மாடித் தண்ணீரைச் சம்பில் பிடிப்பதாக இருந்தால் நான் பெயிண்டைத்தான் சொல்வேன், சுண்ணாம்பு கரைந்து சம்புக்குள் வரும். மேல்மாடி அறையில் இரண்டு, மூன்று டிகிரி குறைவதைக் கையால் கூரையைத் தொட்டே உணரலாம்.

மின்சாரத்தில் முதலில் தொட வேண்டியது மின்விசிறி. சென்னையில் மின்விசிறி நிற்கும் மாதமே இல்லை. பழையது 75 வாட், இப்போது வரும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட்டுக்கு அருகில். ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால், நமக்கு வரும் இரண்டு மாத பில்லில் ஒரு விசிறிக்கு 40 யூனிட் குறையும். ஒரு வீட்டில் நான்கு விசிறி என்றால் 160 யூனிட், இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிட அதிகம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், பழுதாகும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஏசியை 24, 25-ல் வைத்து விசிறியையும் ஓட விடுங்கள்.

இவை முடிந்த பிறகு சோலார். 8 வீட்டுக்கும் பொதுவான இணைப்புக்கு, அதாவது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும், 3 கிலோவாட் போதும். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம், ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். பொது இணைப்புக்கு வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் கிடையாது, அதனால்தான் பொது மீட்டரில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், குடியிருப்போர் சங்கத்தின் பொது இணைப்புக்கு ஒரு கிலோவாட்டுக்கு 18,000. மதிப்பீட்டில் இந்த மானியத்தைக் கழித்துத்தான் விலை போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். தகடுகளைத் தரையோடு ஒட்டிப் போடாமல் எட்டடி உயரச் சட்டத்தில் போடச் சொல்லுங்கள், அப்போதுதான் மாடியில் துணி காயப்போடவும், வடாம் பிழியவும், சாயங்காலம் உட்காரவும் இடம் இருக்கும், அந்த நிழலும் கூரைக்குக் குளிர்ச்சி. அந்தச் சட்டத்தை ஊன்றுவதற்கு மட்டும் தட்டோட்டைத் துளைக்க விடாதீர்கள், கான்கிரீட் பீடம் வைத்து அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். சோலார் போட்ட பிறகு ஒழுக ஆரம்பித்தது என்று என்னைக் கூப்பிட்ட கட்டடங்கள் நிறைய.

குப்பை எந்திரம் வேண்டவே வேண்டாம். 8 வீட்டில் ஒரு நாளைக்கு மக்கும் குப்பை ஐந்து கிலோவுக்கு மேல் வராது. எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு எந்திரம் வாங்கினார்கள், ஒரே நாளில் உரம் என்று சொல்லி விற்றது. அது சூடு வைத்துக் குப்பையை உலர்த்தித் தூளாக்குகிறது, அவ்வளவுதான். அந்தத் தூளைச் செடிக்குப் போட்டு மழை பட்டதும் பூஞ்சை பிடித்து நாறியது, ஏனென்றால் அது இன்னும் மக்கவே ஆரம்பிக்கவில்லை. மின்சாரக் கட்டணம் வேறு. இப்போது அது தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது.

உங்களுக்குத் தேவை இரண்டு செங்கல் தொட்டி. மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி உயரம், செங்கல்லுக்கு நடுவில் இடைவெளி விட்டு அடுக்கியது, மேலே மழை படாத ஒரு மூடி. தினமும் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் புளித்த மோர் தெளித்து ஒரு கிளறு. வேம்பும் புங்கையும் உதிர்ப்பதைத் தெருவில் எரிக்கிறார்களே, அந்தச் சருகுதான் இதற்கு மூலதனம், மாசி பங்குனியில் மூட்டை கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிறைவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும், நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததில் போடுங்கள், அது நிறைவதற்குள் முதலாவது மண்வாசனையோடு கறுப்பாக உதிரும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். வெள்ளைப் புழு வந்தால் பயப்பட வேண்டாம், அவை குப்பையைத் தின்பவை, மனிதரை ஒன்றும் செய்யாது. இது ஒன்றைச் செய்துவிட்டால் மக்காத குப்பை சுத்தமாக, காய்ந்ததாக இருக்கும், அதைக் காயலான் கடைக்காரர் விலைக்கு எடுப்பார். டயாபரையும் நாப்கினையும் தனியாகத் தாளில் சுற்றிக் கொடுங்கள், தூய்மைப் பணியாளர் வெறும் கையால் அதைப் பிரிக்கிறார் என்பதை 8 வீட்டிலும் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

செங்குத்துத் தோட்டம் பற்றி: பிளாஸ்டிக் தொட்டி, சொட்டுக் குழாய், தினமும் தண்ணீர், மேற்குச் சுவர் வெயிலில் மூன்று மாதத்தில் பாதி காய்ந்து மாற்ற வேண்டி வரும். லாரித் தண்ணீர் வாங்கும் கட்டடத்தில் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், டைல்ஸ் பெயர்த்த இடத்தில் மேற்குப் பக்கம் ஒரு புங்கை, ஒரு மகிழம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் மரங்கள் சாய்ந்துகிடந்தது நினைவிருக்கும். வேருக்கு இடம் விடாமல் அடியைச் சுற்றிச் சிமெண்ட் போட்டால் எந்த மரமும் நிற்காது. சுவரில் இருந்து எட்டு, பத்தடி தள்ளி, அடியைச் சுற்றி நான்கடி மண் விட்டு நடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இருபது வருடம் தாண்டிய கட்டடம் என்றால் இடித்துவிட்டுக் கூடுதல் மாடியோடு கட்டித் தருகிறோம் என்று சீக்கிரமே ஒருவர் வருவார், வந்திருக்கவும் கூடும். ஒரு மூட்டை சிமெண்ட் செய்வதற்கே ஏறக்குறைய 30 கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஒரு கட்டடத்துக்கு எத்தனை ஆயிரம் மூட்டை, எத்தனை டன் கம்பி, எத்தனை லாரி எம்-சாண்ட் என்று யோசியுங்கள், இடித்த கல்லும் மண்ணும் எந்த ஏரிக்கரையில் போய் விழும் என்பதையும். உங்கள் சிலாப்பில் அங்கங்கே பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தால் அதைத் தேய்த்துத் துரு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, மறுபடி பூசினால் இன்னும் முப்பது வருடம் நிற்கும். உங்கள் 3 லட்சத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கியே ஆக வேண்டும். கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் வேறு விஷயம், அதை ஒரு கட்டமைப்புப் பொறியாளர் நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். மற்றபடி நல்ல கட்டடத்தை இடித்துக் கட்டும் எதையும் பசுமைக் கட்டடம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பணத்தைப் பிரிப்பது என்றால் என் வரிசை இது: மழைக்குழாய் திருப்புவதும் கிணறும் முதலில், கூடவே மாடி ஒழுகல், கம்பித் துரு. பிறகு டைல்ஸ் பெயர்ப்பது, வெள்ளைப் பெயிண்ட், செங்கல் தொட்டி. மிச்சத்தோடு அடுத்த வருடச் சேமிப்பையும் சேர்த்து சோலார். துணிப்பை, மஞ்சப்பை, பக்கத்தில் பரங்கிமலை ரயிலுக்கு நடந்து போவது இதெல்லாம் அவரவர் வீட்டு விஷயம், அதற்குச் சங்கம் தேவையில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீட்டின் பெயர் வேண்டும், சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்குகிறது: வடிகட்டி மணல் கழுவுவது எந்த வீடு, மாடி பெருக்குவது எந்த வீடு, சருகு மூட்டை எந்த வீடு, கிணற்று மட்டம் கயிறு விட்டு அளந்து எழுதுவது எந்த வீடு. வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரம் வாக்கில் தொடங்கும், அதனால் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மாடியில். முதல் இரண்டு மழையை, சம்புக்குப் போகும் குழாயில் உள்ள வால்வைத் திருப்பி வெளியே விட்டுவிட்டு, மூன்றாவது மழையில் இருந்து சம்புக்கு விடுங்கள். அந்த வால்வின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அட்டையில் எழுதி வையுங்கள்.